சனிக்கிழமையோடு முடிகிற பாலிசி

சூரியபிரகாஷ் மோட்டார் போட்டான். தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் அணைத்தான். வாசல் கம்பியில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்தான். பூங்குழலிக்கு அது பிடிக்காது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கியதும் அடுப்பைக் குறைத்தான். அவளுடைய நீலக் கோட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்தான். பாக்கெட்டில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். இருந்தது.

அதன்பிறகு உட்கார்ந்து போனை எடுத்தான். உமர் ஃபாரூக் அனுப்பியிருந்த காகிதம் திரையில் இருந்தது. உமர் மேல்விஷாரம் காலேஜில் அவனோடு கெமிஸ்ட்ரி படித்தவன். சூரியபிரகாஷ் தோல் கழிவுநீரைச் சோதிக்கிற லேபுக்குப் போனான், உமர் இன்சூரன்சுக்குப் போனான். காரின் பாலிசி சனிக்கிழமையோடு முடிகிறது. அன்று வியாழன்.

பூங்குழலி ஈரத் தலையோடு வந்து இரண்டு டப்பாவிலும் எலுமிச்சை சாதத்தை அடைத்தாள்.

“இன்னா, நேத்துல இருந்து அதையே பாத்துனு இருக்க?”

“போன வருஷத்த விட ஜாஸ்தி வருது. பாதி ஆட்-ஆன். அதெல்லாம் நம்ம இஷ்டம்தான். வேணும்னா போடலாம், வேணான்னா விடலாம்.”

“ஒண்ணொண்ணா படி.”

“ஜீரோ டெப். எங்கனா இடிச்சு பம்பர் மாத்தினா தேய்மானம்னு கழிக்காம முழுசா குடுப்பான்.”

“நீ எங்க இடிச்சிருக்க?”

“நான் இல்ல. ஒருத்தி கேட்ல ஒரு கோடு இழுத்தா.”

“அந்தக் கோடு அப்டியேதான இருக்கு? அது இல்லன்னா நம்ம வண்டின்னே அடையாளம் தெரியாது. விடு. அடுத்தது?”

“இன்ஜின். தண்ணில நின்னு உள்ள தண்ணி பூந்துட்டா.”

“சப்வேல முழங்கால் தண்ணி நின்னாலே நீ ஊரைச் சுத்தினு போற ஆளு. அது எதுக்கு?”

“சாவி தொலைஞ்சா புதுசு.”

“அது வேணும்,” என்றாள் உடனே. “எங்கம்மா சாவிய வாங்கி பத்திரமா ஒரு பையில போடும். அப்புறம் எந்தப் பையின்னு தெரியாது.”

“உங்கம்மாவுக்கே தனியா ஒரு பாலிசி போடணும்.”

அவள் சிரித்தாள். கார் வாங்கியதே அவளுடைய அம்மாவுக்காகத்தான். சௌந்தரம் திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தாள். கண்ணுக்கு ஊசி போட மாதாமாதம் வேலூருக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்க முடியவில்லை. பழைய வண்டி ஒன்றைப் பார்த்து வாங்கினார்கள். சௌந்தரம் எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள். மருமகன் எதிரில் நிற்க மாட்டாள், நேராகப் பேச மாட்டாள். அவள் பக்கத்து வழக்கம் அது. வண்டிக்குள் மூன்று பேர் மட்டும் இருக்கும்போதும், “அவரு டீ சாப்டுவாரா கேளுடி,” என்பாள். பூங்குழலி முன்சீட்டிலிருந்து, “டீ சாப்டுவீங்களான்னு கேக்கறாங்க,” என்பாள். அம்மா எதிரில் அவள் அவனுக்கு ‘நீங்க’ போடுவாள்.

“கடைசியா ஒண்ணு, ரோட்சைட் அசிஸ்டன்ஸ்,” என்றான். “வண்டி வழியில நின்னா மெக்கானிக்க அனுப்புவானாம். சுத்த வேஸ்ட். நம்மளுக்குத் தெரியாத மெக்கானிக்கா?”

கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவள் டப்பாவைப் பையில் போட்டாள், போனைப் போட்டாள், கோட்டைக் கையில் மாட்டிக்கொண்டே ஓடினாள். கேட்டைத் திறந்தவள் திரும்பி ஏதோ சொன்னாள். மூன்று நாலு வாக்கியம். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் “ம்” என்றான்.

பஸ் போயிற்று.

ஷூ கம்பெனி பஸ்ஸில் காலையில் எல்லாப் பெண்களும் தூங்குவார்கள். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடினால் கம்பெனி கேட்டில்தான் திறப்பார்கள். பூங்குழலியும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள். பக்கத்தில் பிரிசில்லாவும் தூங்கிவிட்டாள். கேட்டில் பஸ் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், பிரிசில்லா தோளைத் தொட்டு உலுக்கினாள். பூங்குழலி எழுந்திருக்கவில்லை.

வேலூரில் டாக்டர், மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார். அவர் இளைஞர்தான், சூரியபிரகாஷின் வயதுதான் இருக்கும். “அவங்களுக்கு வலி தெரிஞ்சிருக்காது சார்,” என்று இரண்டு முறை சொன்னார். சாயங்காலம் மூச்சு நின்றது. நடுவில் அவள் கண் திறக்கவில்லை, பேசவில்லை. பிரிசில்லா அவளுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே டப்பா கனமாக இருந்தது. அவன் அந்தப் பையை வாங்கி, ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்த சௌந்தரத்திடம் கொடுத்தான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. பக்கத்தில் நின்ற நர்சைப் பார்த்து, “அவரு காலைல இருந்து ஒண்ணும் சாப்டல,” என்றாள்.

பூங்குழலியை ஆம்பூர் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள். தாய் வீட்டுப் புடவை கட்டினார்கள். நெற்றி கொள்ளாமல் குங்குமம் வைத்தார்கள். சூரியபிரகாஷ் சொன்ன இடத்தில் நின்றான், சொன்ன இடத்தில் உட்கார்ந்தான். தெரு முழுக்க செருப்பு கிடந்தது. பாதி அவள் கம்பெனியில் செய்தது. எல்லாவற்றையும் அவன் மனசு ஏதோ லேப் ரிப்போர்ட் எழுதுவதுபோல் குறித்துக்கொண்டே இருந்தது. வேறெதுவும் உள்ளே நடக்கவில்லை.

சௌந்தரம் அவனுடைய அக்கா மோகனாவைக் கூப்பிட்டாள்.

“கேளும்மா. கடைசியா அவர்கிட்ட இன்னா சொல்லிட்டுப் போனான்னு கேளு.”

மோகனா அவனிடம் வந்து குனிந்தாள். “டேய் பிரகாஷு, அவ கடைசியா இன்னாடா சொன்னா? அவங்கம்மா கேக்கறாங்க. சொன்னது எதுவோ அத பால் தெளிக்கறதுக்குள்ள செஞ்சு முடிக்கணுமாம். இல்லனா அது அப்டியே நிக்குமாம்.”

அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. அந்த நேரத்தில் காதில் விழாதது எல்லாம் இப்போது விழுந்தது. சொல்ல வாயெடுத்தான். முற்றத்தில் அத்தனை பெண்கள் தோள்மேல் தோள் போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் போய் அதை எப்படிச் சொல்வது? கார் இன்சூரன்ஸ் பற்றி என்று எப்படிச் சொல்வது?

“ஒண்ணும் சொல்லலக்கா.”

மோகனா நிமிர்ந்தாள். வெறுங்கையோடு போக அவளுக்கு மனம் வரவில்லை. பெண்களிடம் போய், “எங்கம்மாவ பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினாளாம்,” என்றாள். அழுகை ஓங்கியது. அடுத்த ஒப்பாரியிலேயே அந்தச் சொல் ஏறிவிட்டது. சௌந்தரம் மட்டும் வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்தாள்.

சொந்த ஊரில், அவனுடைய அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். உமர் ஃபாரூக் வந்திருந்தான். வண்டியிலிருந்து இறக்கியதும் ஓடிவந்து ஒரு மூலையில் தோள் கொடுத்தான். வாய்க்கரிசி போடுகிற நேரத்தில் சூரியபிரகாஷின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தான். உங்கள் வாகனப் பாலிசி முடிய இன்னும் ஒரே நாள் என்று இருந்தது.

“வண்டிய வித்துருடா,” என்றாள் மோகனா, அன்று சாயங்காலம். “ஒத்த ஆளுக்கு எதுக்குக் காரு? லேபுக்கு பைக்கு இருக்கு. வேலூருக்கு இனிமே யாரக் கூட்டினு போவப் போற?”

“சரி,” என்றான்.

விற்றுவிடுவது சுலபமாகத்தான் தோன்றியது. வண்டி போனால் பாலிசி எதற்கு? ஜீரோ டெப் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டாம். முன்சீட்டைப் பார்க்க வேண்டாம். சௌந்தரம் கருமாதி முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவாள். மாதம் ஒரு தடவை பஸ்ஸில் தடுமாறி ஏறுவாள், அல்லது ஊசியே வேண்டாம் என்று விட்டுவிடுவாள். நேராகப் பேசாத இரண்டு பேருக்கு நடுவில் இருந்தவள் போன பிறகு யார் யாரைப் போய்ப் பார்ப்பது? அவன் சனிக்கிழமை முடியட்டும் என்று இருந்தான். தானாக முடிந்துபோகும்.

சனிக்கிழமை காலை சொந்த ஊரில், புதைத்த இடத்தில் பால் தெளி. சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் கிளம்பினார்கள். சௌந்தரம் படையலுக்கு மகளுக்குப் பிடித்த காராமணிக் கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருந்தாள். அது வேக நேரமானது. அவளையும் கொழுக்கட்டையையும் காரில் கூட்டிவருவது அவன் பொறுப்பு. மோகனா கூட வருவதாக இருந்தது. ஆம்பிளைகள் முறையை மாற்றிவிடுவார்கள் என்ற கவலையில் அவள் வேனில் தொற்றிக்கொண்டாள்.

கார் கிளம்பவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்ற நாலு பேர் தள்ளிவிட்டார்கள். கிளம்பியது. சௌந்தரம் பின்சீட்டில் ஏறி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். மகளின் பை தோளில் இருந்தது.

நெடுஞ்சாலையில் இருவரும் பேசவில்லை. பேச வழியில்லை. லாரிகள் தாண்டிப் போயின. பச்சைத்தோல் ஏற்றிய ஒரு டெம்போ முன்னால் போக, அந்த வாடை வண்டிக்குள் வந்து நிறைந்தது. அவன் கண்ணாடியை ஏற்றினான். மின்னூரைத் தாண்டும்போது பாலையே யாரும் வாங்கவில்லை என்று நினைவு வந்தது. சர்வீஸ் ரோட்டில் ஒரு கடை முன்னால் நிறுத்தி, பழக்கத்தில் சாவியைத் திருப்பி அணைத்தான். இரண்டு பாக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பியபோதுதான் செய்த காரியம் புரிந்தது.

டக் என்றது. இன்னொரு தடவை டக். அப்புறம் அதுவும் இல்லை.

கடைக்காரர் கிழவர். வேறு ஆள் யாரும் இல்லை. சாலை லேசாக மேடேறியது. அவன் இறங்கி, டிரைவர் கதவைத் திறந்து ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தான். நகர்ந்தது, நின்றது. மறுபடி தள்ளினான். இந்த முறை எளிதாக நகர்ந்தது. திரும்பிப் பார்த்தான். சௌந்தரம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாதவள். வாளியைக் கடைப் பலகைமேல் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“அத்த, வேணாம், விடுங்க.”

அவள் விடவில்லை. வண்டி நாலடி போய் மேட்டில் மறுத்தது. இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

அவன் போனை எடுத்தான். விரல் தானாகப் போய் ஒரு பெயரைத் தொட்டது. காதில் வைத்தான். அந்தப் பக்கம் மணி போயிற்று.

சௌந்தரத்தின் தோள் பையிலும் மணி அடித்தது.

அவள் பையைத் திறந்தாள். டப்பாவுக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். திரையில் அவன் படம் இருந்தது, ஏதோ கல்யாணத்தில் வாயைத் திறந்து தூங்கிய படம். பூங்குழலி வேண்டுமென்றே வைத்தது. சௌந்தரம் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மணி அடித்து ஓயும்வரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவனும் காதிலிருந்து எடுக்கவில்லை.

அடங்கியது.

“மாப்ள,” என்றாள்.

அவன் நிமிர்ந்தான். கல்யாணமான ஐந்து வருடத்தில் அவள் வாயிலிருந்து தன்னை நோக்கி வந்த முதல் சொல் அது.

“இது அணஞ்சுடும்னு ரெண்டு நாளா வண்டியிலதான் சார்ஜு போட்டேன். வீட்ல எல்லா பிளக்லயும் யாரு போனாவது இருந்துச்சு. சாவிய ஒரு திருப்பு திருப்பினா சார்ஜு ஏறும்னு அவதான் ஒரு தடவ காமிச்சா.” நிறுத்தினாள். “அதனாலயா நின்னுச்சு?”

“ஆமாத்த.”

“நான் பண்ண வேலையா இது?”

“பேட்டரியும் பழசு.”

“அவ இருந்தா இந்நேரம் சிரிச்சிருப்பா.”

“சாவி எங்க வெச்சிருந்தீங்க?”

“பத்திரமா பையிலதான் வெச்சேன். எந்தப் பையின்னு தெரியாம காலைல தேடினேன்.”

அவனுக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, பாதியில் வேறாக மாறியது. காரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டான். வெயில் ஏறிய தகரம் சுட்டது. சௌந்தரம் அருகே வரவில்லை. விலகியும் போகவில்லை. கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கிவந்து பானெட் மேல் வைத்துவிட்டு, அடங்கட்டும் என்று நின்றாள்.

முகம் கழுவிக்கொண்டு உமர் ஃபாரூக்குக்குப் போன் போட்டான். “எங்க?” என்று மட்டும் உமர் கேட்டான். பிறகு தன் காரில் வந்து சேர்ந்தான். வயரோடு இறங்கி, சௌந்தரத்துக்குக் கையெடுத்து வணக்கம் வைத்தான். இரண்டு வண்டியையும் மூக்கோடு மூக்கு நிறுத்தி வயரை மாட்டினான்.

“இப்ப ஸ்டார்ட் பண்ணுடா.”

பிடித்துக்கொண்டது.

“ஊருக்குப் போற வரைக்கும் அணைக்காத. வேற பேட்டரி நான் சாயங்காலம் கொண்டாறேன்.” வயரைச் சுருட்டியபடி உமர் தயங்கினான். “மச்சான், இத நான் சொல்லக் கூடாதுன்னுதான் ரெண்டு நாளா இருந்தேன். பாலிசி இன்னிக்கு ராத்திரியோட முடியுது. விட்டா இன்ஸ்பெக்‌ஷன், அது இதுன்னு பேஜார். நீ விக்கறதா இருந்தாலும் ஓடற பாலிசியோட வித்தாத்தான் நல்லது. அதுக்காகச் சொன்னேன்.”

“விக்கல.”

சொன்ன பிறகுதான் அது முடிவாகிவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது. பின்னால் சௌந்தரம் கொழுக்கட்டை வாளியின் மூடியைத் திறந்து பார்த்து மூடினாள்.

“சரி. அப்ப வெறும் பாலிசி மட்டும் போடட்டுமா? ஆட்-ஆன் எதும் வேணாம்தான?”

“ஜீரோ டெப் வேணாம். அந்தக் கோடு அப்டியே இருக்கட்டும். இன்ஜினுக்கும் வேணாம். சாவிக்கு ஒண்ணு போடு.”

“சாவிக்கா?”

“வேணும். ரோட்சைடும் போட்டுடு.”

உமர் வயரை டிக்கியில் போட்டுவிட்டு வந்தான். “டேய், வருஷா வருஷம் நான் தொண்ட கிழிய சொல்லியிருக்கேன். வேஸ்டு, கமிஷனுக்குப் பேசறேன்னு ஓட்டுவ. இப்ப எந்த மகான் வந்து சொன்னாரு?”

உமர் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டி, போனை எடுத்துத் தட்டினான். “உனக்கு ஒரு நம்பர் வரும், அத மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்.” நம்பர் வந்தது. சொன்னான். முடிந்துவிட்டது என்று உமர் கட்டைவிரலைக் காட்டினான்.

சௌந்தரம் பின்கதவைப் பிடித்தபடி நின்றாள். அதைத் திறக்கவில்லை. முன்னால் வந்து, முன்கதவைத் திறந்து, சீட்டை ஒரு தரம் உள்ளங்கையால் தடவிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் பார்த்தாள். அவன் குனிந்து மாட்டிவிட்டான். பால் பாக்கெட் இரண்டையும் அவளிடம் கொடுத்தான்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. மலை வெளுத்துத் தெரிந்தது. இடப்பக்கம் தென்னந்தோப்பு ஓடியது.

“அந்தப் பாயி கேட்டாரே, யாரு சொன்னாங்கன்னு,” என்றாள். “அவ சொன்னாளா?”

“ஆமா.”

“மோகனா சொன்னது பொய்யின்னு அப்பவே தெரியும். என்ன பாத்துக்கன்னு யார்கிட்டயும் சொல்றவ இல்ல என் பொண்ணு. அவளே பாத்துக்குவா.” மடியில் இருந்த பாலை இறுக்கிப் பிடித்தாள். “இன்னான்னு சொன்னா, மாப்ள? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

மண் ரோடு திரும்புகிற இடம் வந்தது. அங்கே வேனும், வேனுக்குப் பக்கத்தில் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மோகனாவும் தெரிந்தார்கள். அவன் வேகத்தைக் குறைத்தான். இன்ஜினை அணைக்கவில்லை. ‘நீ’யை ‘நீங்க’ என்று மாற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தான். மாற்றவில்லை.

“நடுரோட்ல வண்டி நின்னா நீ மொதல்ல எனக்குத்தான் போன் போடுவ. என் போனு கம்பெனி லாக்கர்ல இருக்கும், நான் எடுக்க முடியாது. அந்த ரோட்சைட மட்டும் போட்டுடு. யாராவது வரட்டும்.”